ஏசிக்கு வருஷா வருஷம் கேஸ் ஏத்துறீங்களா? முதல்ல லீக்கைக் கண்டுபிடிங்க

கோடை வந்தா நம்ம சேனல்ல இன்கம் டாக்ஸுக்கு அடுத்தபடியா அதிகம் வர்றது வீட்டுச் செலவுக் கேள்விகள்தான். அதுல ஒண்ணு: "ஏசிக்கு வருஷம் ஒரு தடவை கேஸ் நிரப்பறோம், 3,000 ரூபாய் ஆகுது. இதை மாச பட்ஜெட்ல எப்படி ஒதுக்கறது?"

ஒதுக்கவே வேண்டாம். அப்படி ஒரு வருடாந்திரச் செலவே கிடையாது.

பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்ற பொருள் இல்லை ஏசி கேஸ். மூடின குழாய்க்குள்ள திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுத்தி, ரூமுக்குள்ள இருக்கற சூட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டும். அவ்வளவுதான் அதோட வேலை. உள்ளே எவ்வளவு கேஸ் இருக்கணும்னு அவுட்டோர் யூனிட் ஸ்டிக்கர்லயே எடை போட்டிருக்கும். 5 வருஷம் ஆனாலும் அது குறையக் கூடாது. குறைஞ்சா எங்கேயோ ஓட்டை இருக்கு. ஆடிட்டுக்குப் போன குடோன்ல சரக்கு குறைஞ்சா, புதுச் சரக்கு வாங்கி ரொப்பிட்டு ஃபைலை மூடுவோமா? போன வழியைத்தானே கேட்போம்!

ஆனா அதுக்கு முன்னாடி, கேஸ் நிஜமாவே குறைஞ்சிருக்கான்னு பாருங்க. ஃபில்டர்ல தூசி அடைச்சாலும் கூலிங் குறையும், காயில்ல ஐஸ் கட்டும். கேஸ் குறைஞ்சாலும் ஐஸ் கட்டும். அதனால முதல்ல ஃபில்டரைக் கழுவி மாட்டி ஒரு நாள் ஓட்டிப் பாருங்க. இதுக்குச் செலவு பூஜ்யம்.

அடுத்தது மீட்டர் விஷயம். மெக்கானிக் கேஜை மாட்டி, "பாருங்க சார், பிரஷர் கம்மி"ன்னு காட்டுவார். நம்ம சமையல் சிலிண்டரை நினைச்சுக்குங்க. உள்ளே திரவம் கொஞ்சம் மிச்சம் இருக்கற வரைக்கும் அடுப்பு ஒரே மாதிரி எரியும். பாதி காலின்னு பிரஷரை வச்சுச் சொல்லவே முடியாது. அதனாலதான் 14.2 கிலோன்னு எடை போட்டுத் தர்றாங்க. நிறுத்தி வச்ச ஏசியும் அதே மாதிரிதான். ஓடற ஏசியில, அதுவும் இன்வெர்டர்னா, கம்ப்ரசர் வேகத்துக்குத் தகுந்த மாதிரி பிரஷர் ஏறி இறங்கும். கேஜ் ஒரு துப்பு மட்டும்தான். கடைசி சாட்சி தராசு.

இப்போ லீக். சொந்தக் கண்ணால பார்க்கக் கூடிய தடயம் ஒண்ணு உண்டு: எண்ணெய்க் கறை. கேஸோட கம்ப்ரசர் ஆயிலும் கொஞ்சம் சுத்தும். ஓட்டை வழியா கேஸ் பறந்துடும், ஆயில் மட்டும் அங்கேயே தங்கித் தூசியைப் பிடிச்சுக்கும். அவுட்டோர் யூனிட் பக்கவாட்டுல பித்தளை நட் போட்டுக் குழாயை இணைச்சிருக்கற இடம் இருக்கே, ஃபிளேர் நட்னு சொல்வாங்க, முதல் சந்தேகம் அங்கேதான். வீடு மாத்தும்போது கழட்டி மாட்டின ஏசின்னா கண்டிப்பா அதைப் பாருங்க.

சோப்புத் தண்ணி டெஸ்ட் எல்லாருக்கும் தெரியும். இன்டோர் காயில்ல செய்யறப்போ ஏசியை நிறுத்திட்டுச் செய்யச் சொல்லுங்க. ஓடும்போது அந்தப் பக்கம் பிரஷர் குறைவு. நிறுத்தினா ரெண்டு பக்கமும் சமமாகி அங்கே பிரஷர் ஏறும், சின்ன ஓட்டையும் குமிழி விடும்.

அதுலயும் பிடிபடலைன்னா நைட்ரஜன் டெஸ்ட். கேஸை எடுத்துட்டு நைட்ரஜனை அழுத்தி அடைச்சு, ராத்திரி பூரா விட்டுட்டு, காலையில கேஜைப் பார்க்கறது. இதுல ஒரு கணக்கு இருக்கு. சாயங்காலம் 35 டிகிரியில 300 பிஎஸ்ஐ வச்சா, காலையில 25 டிகிரிக்கு அது தானாவே 290 பக்கம் வந்துடும். குளிர்ச்சியால வர்ற இறக்கம் அது. 250-ன்னு காட்டினா லீக். நைட்ரஜனுக்குப் பதிலா வெல்டிங் ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிட்டு வந்தா வாசல்லயே நிறுத்திடுங்க. பிரஷர்ல ஆக்சிஜனும் ஆயிலும் சேர்ந்தா வெடிக்கும். இதுல மட்டும் சிக்கனம் பார்க்காதீங்க.

ஓட்டையை அடைச்ச பிறகு வேக்யூம் பம்ப் போட்டு காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்துட்டுத்தான் கேஸ் ஏத்தணும். ஆர்-32 ஒரே பொருள். ஆர்-410ஏ ரெண்டு பொருள் கலவை. அதுல நிறைய லீக் ஆயிருந்தா மிச்சத்தை எடுத்துட்டுப் புதுசா எடை போட்டு நிரப்பறதுதான் முறை.

இனி என் டிபார்ட்மென்ட்டுக்கு வர்றேன். பில்லுல "கேஸ் சார்ஜ் - 1" அப்படின்னு ஒத்தை வரி மட்டும் இருந்தா வாங்காதீங்க. லீக் டெஸ்ட், ரிப்பேர், வேக்யூம், எத்தனை கிராம் கேஸ், எந்த வகை, எத்தனை நாள் சர்வீஸ் வாரண்டி - தனித்தனியா எழுதச் சொல்லுங்க. ரெண்டு மாசத்துல திரும்ப கூலிங் போனா, பேசறதுக்கு உங்க கையில இருக்கற ஒரே ஆயுதம் இந்தப் பேப்பர்தான். "10 வருஷ வாரண்டி"ங்கற விளம்பரம் பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டும். காயிலும் கேஸும் அதுல இருக்கான்னு வாரண்டி கார்டைப் படிச்சுப் பாருங்க.

வாடகை வீட்டுல ஓனரோட ஏசின்னா இன்னும் கவனம். டாப்-அப் செலவை "நீங்கதானே யூஸ் பண்றீங்க"ன்னு உங்க தலையில கட்டுவாங்க. லீக் ரிப்பேர் ஓனர் செலவு, ஃபில்டர் சர்வீஸ் உங்க செலவுன்னு அக்ரிமென்ட்லயே எழுதிக்குங்க. மெக்கானிக் "காயில் லீக்"னு எழுதின பில்லை அன்னைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப் பண்ணிடுங்க. காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல கைவைக்க விடாது.

கரன்ட் பில்லும் இதுல சேரும். கேஸ் குறைஞ்ச ஏசி செட் பண்ண டிகிரியைத் தொடவே முடியாம ஓடிக்கிட்டே இருக்கும். தமிழ்நாட்டுல ரெண்டு மாசக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினா, கடைசி யூனிட்டுகளுக்கு மட்டும் இல்ல, 101-லிருந்து 200 வரைக்கும் உள்ள யூனிட்டுகளுக்கும் ரேட் ஏறிடும்.

ஃபிளேர் நட் லீக்னா யோசிக்காம சரி பண்ணுங்க, சின்ன வேலை. காயில்லயே அரிப்புன்னா கணக்குப் போடணும். 8 வருஷ ஏசிக்கு காயில் மாத்த 10,000 கேட்கறாங்கன்னு வைங்க, புதுசு 38,000. அதே ஏசி இன்னும் 2 வருஷம் ஓடினா வருஷத்துக்கு 5,000. புதுசு 10 வருஷம் ஓடினா 3,800, அதோட கரன்ட்டும் மிச்சம். 4 வருஷ ஏசின்னா கணக்கு அப்படியே மாறும்: 10,000 கொடுத்து இன்னும் 6 வருஷம், வருஷத்துக்கு 1,700-க்குள்ள. 2025 செப்டம்பர் 22-லிருந்து புது ஏசிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமா குறைஞ்சிருக்கு, அதனால பழைய விலையை மனசுல வச்சுக்காம இன்னைக்கு விலையைக் கேட்டுட்டு இந்தக் கணக்கைப் போடுங்க.