கொக்கின் வாயோரக் கோடு

தருமபுரி ராமாக்காள் ஏரியிலோ நாகாவதி அணையிலோ தண்ணீர் வற்றும்போது சேற்றில் இறங்கும் வெள்ளைப் பறவைகளையெல்லாம் கொக்கு என்றே சொல்லிவிடுகிறோம். அந்தக் கூட்டத்தில் நான்கு இனங்கள் கலந்திருக்கலாம். சின்னக் கொக்கைக் கறுப்பு அலகும், கறுத்த கால்களின் நுனியில் தெரியும் மஞ்சள் விரல்களும் காட்டிக்கொடுத்துவிடும். மேயும் மாடுகளைச் சுற்றிப் பூச்சி பொறுக்கும் உண்ணிக்கொக்கு கட்டையான கழுத்துக்காரன். திணறடிப்பவை பெரிய கொக்கும் நடுத்தரக் கொக்கும்தான். பெயரை வைத்து உருவத்தை அளக்கப் போனால் ஏமாந்துபோவோம். கழுத்தை ஒடுக்கி நிற்கும் பெரிய கொக்கு சிறுத்துத் தெரியும். தனியே நிற்கும் பறவையை எதனோடு ஒப்பிடுவது? நிறமும் கைகொடுக்காது. மற்ற நாளில் இரண்டுக்கும் மஞ்சள் அலகு. இனப்பெருக்கக் காலத்தில் இரண்டுக்கும் அது கறுத்துவிடுகிறது.

மாறாத அடையாளம் வாயோரத்தில் இருக்கிறது. அலகின் பிளவு கண்ணுக்கடியில் மெல்லிய கோடாக ஓடுகிறது. நடுத்தரக் கொக்கில் அது கண்ணுக்கு நேர்கீழே நின்றுவிடும். பெரிய கொக்கில் கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும். இது முக அமைப்பைச் சேர்ந்தது என்பதால் பருவத்துக்குப் பருவம் மாறாது. தொலைவிலிருந்து இந்தக் கோடு தெரியாதே என்பது நியாயமான கேள்வி. அப்போது கழுத்தைப் பார்க்கலாம்: பெரிய கொக்கின் கழுத்து உடலைவிட நீளம், நடுவில் முறித்து வைத்தாற்போல் ஒரு மடிப்பு, நடுத்தரக் கொக்குக்கு வளைவு மென்மை, தலை உருண்டை, அலகு குட்டை. அதுவும் தெளிவில்லையென்றால் வெறும் ‘கொக்கு’ என்று எழுதுவதே நேர்மை.

ஒரு கோட்டுக்கு இவ்வளவு கனமா என்று கேட்கலாம். தெற்கு இந்தியப் பெருங்கடலின் ஆம்ஸ்டர்டாம் தீவில் வாழும் ஆல்பட்ராஸ் என்ற கடற்பறவை, 1983இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. அதன் மேல் அலகின் விளிம்பில் ஓடும் கரிய கோடும், முட்டையிடும் வயதிலும் மாறாத பழுப்புச் சிறகும் முக்கிய அடையாளங்கள். அது தனி இனமே அல்ல, கிளையினம்தான் என்று வாதிட்டவர்கள் உண்டு. பின்னர் வந்த மரபணு ஆய்வு தனி இனம் என்ற முடிவுக்கு வலுச்சேர்த்தது. உலகில் அந்த ஒரே தீவில்தான் அது கூடு கட்டுகிறது. வேறொன்றின் கணக்கில் சேர்த்திருந்தால் அது அழிந்தாலும் எண்ணிக்கையில் தெரிந்திருக்காது.

நம் ஏரிகளிலும் இதே கணக்குதான். பெரிய கொக்கு ஆழமான நீரிலும் நின்று மீன் பிடிக்கும்; நடுத்தரக் கொக்கு புல் மண்டிய ஆழமற்ற நீரையும் நெல்வயலையும் நாடும். ஜனவரி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் எல்லாவற்றையும் ஒரே வரியில் கூட்டினால், நடுத்தரக் கொக்கு சரிந்தாலும் உண்ணிக்கொக்குகளின் எண்ணிக்கை அதை மறைத்துவிடக்கூடும்.