குரங்குக் காய்ச்சலின் வழித்தடம்

1957-இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. காட்டோர ஊர்களில் மனிதர்களுக்கும் கடுங்காய்ச்சல் கண்டது. மஞ்சள் காய்ச்சலோ என்று முதலில் அஞ்சினார்கள். புனே வைரஸ் ஆய்வு மையத்தார் தேடிப்பிடித்ததோ, உண்ணி கடித்துப் பரவும் புதியதொரு வைரஸ். கன்னடத்தில் ‘மங்கன காயிலெ’. நமக்குக் குரங்குக் காய்ச்சல். நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 3 முதல் 5 பேர் இறக்கிறார்கள். இதற்கென்று தனி மருந்து கிடையாது.

சிவமொக்காவுக்கும் அண்டை மாவட்டங்களுக்கும் உரிய நோய் என்றே இதை நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2012-இல் பந்திப்பூரில் தலைகாட்டியது. அதை ஒட்டிய நம் முதுமலைப் பக்கமும் இறந்த குரங்குகளில் தென்பட்டது. பிறகு வயநாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க். வைரஸ் புதிதாகப் பயணம் போனதா, அங்கெல்லாம் முன்பே பதுங்கியிருந்ததா?

இதற்கு விடை தேட வைரஸின் மரபணுவைத்தான் படிக்க வேண்டும். ஏறத்தாழ 11,000 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்என்ஏ இழை அது. தன்னை நகலெடுக்கும்போதெல்லாம் அங்கங்கே பிழை விடுகிறது. ஏட்டுச்சுவடிகளின் பாடபேதங்களை ஒப்பிட்டு எந்த ஏடு எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று பதிப்பாசிரியர்கள் கண்டுபிடிப்பார்களே, அதே வழிதான். ஒரே பிழைகளைச் சுமக்கும் வைரஸ்கள் ஒரே கிளையைச் சேர்ந்தவை. பிழைகள் சேரும் வேகம் தெரிந்தால், கிளை எப்போது பிரிந்தது என்பதையும் கணிக்கலாம். சவூதி அரேபியாவின் அல்குர்மா வைரஸ் இதன் நெருங்கிய உறவு என்று தெரிந்ததும் இப்படித்தான்.

நோயாளியின் ரத்தத்தை மட்டும் படித்தால் கதையின் கடைசிப் பக்கம்தான் கிடைக்கும். மனிதரிடமிருந்து மனிதருக்கு இது பரவுவதில்லை. நம்மோடு சங்கிலி அறுந்துவிடுகிறது. வைரஸ் உயிர்வாழ்வது உண்ணிகளிலும், அவை ரத்தம் குடிக்கும் காட்டு எலி போன்ற சிற்றுயிர்களிலும். ஆகவே ஆய்வாளர்கள் காட்டுத்தரையில் துணியை இழுத்துச் செல்கிறார்கள். போகிற உயிர் என்று எண்ணி உண்ணிகள் அதில் தொற்றிக்கொள்கின்றன. இனவாரியாகப் பிரித்து, அரைத்து, ஆர்என்ஏ எடுத்து, பிசிஆர் சோதனையில் வைரஸ் தென்பட்டால் எழுத்தெழுத்தாகப் படிக்கிறார்கள்.

பிசிஆர் சோதனை வைரஸின் குறிப்பிட்ட சில பகுதிகளை அடையாளம் பார்த்தே வேலை செய்கிறது. அந்த இடத்து எழுத்துகள் மாறிவிட்டால் நோய் இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரக்கூடும். தடுப்பூசியும் அப்படியே. 1950களின் வைரஸிலிருந்து உருவான பழைய தடுப்பூசி போதிய பாதுகாப்புத் தரவில்லை; கைவிட்டார்கள். அடுத்த தடுப்பூசி, இன்று காட்டில் உலவும் வைரஸை அறிந்து செய்யப்பட வேண்டும்.

மனிதர் காய்ச்சலில் விழுந்த பிறகு தொடங்கும் கண்காணிப்பு தாமதமான கண்காணிப்பே. டிசம்பர் முதல் மே வரை நோய்க்காலம். அதற்கு முன்பே உண்ணிகளைச் சோதித்தாக வேண்டும். காட்டோரம் வாழ்பவர்களும் உதவலாம். செத்த குரங்கைக் கண்டால் தொடாதீர்கள். வனத்துறைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.