சூடும் புழுக்கும்

மீன் என்றதும் நம்மில் பலர்க்கும் நினைவில் எழுவன புளிக்குழம்பும் வறுவலுமே. எண்ணெயில் இடாது மீனைச் சமைப்பது நம் மரபன்று என்பாரும் உளர். அக்கூற்று பொருந்தாது. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் கடல் இறாலைச் சுட்டும், வயல் ஆமையை வேகவைத்தும் உண்டதைப் பட்டினப்பாலை கூறும். முன்னதைச் 'சூடு' என்றும் பின்னதைப் 'புழுக்கு' என்றும் அந்நூல் வேறுபடுத்துகிறது. (ஆமையைப் பற்றி இங்கு மேலும் பேசோம்.)

யாம் இவ்வாராய்ச்சியில் இறங்கியது புலமை வேட்கையால் அன்று. எம் அத்தா நெஞ்சுவலியிலிருந்து மீண்டபோது, பொரித்தவற்றை அறவே விலக்குமாறு மருத்துவர் பணித்தார். வறுத்த மீனின்றி ஒரு கவளமும் இறங்காத அவர், மூன்று நாள் ரசச் சோற்றை வெறித்துப் பார்த்தவாறு அமர்ந்திருந்தார். வெளிநாட்டிலிருந்து தம்பி கொணர்ந்து, ஈராண்டாகப் பரணில் உறங்கிய மின் வெதுப்படுப்பு அப்போதுதான் கீழிறங்கிற்று.

மருத்துவர் கூற்றின் காரணம் எளிது. ஏறத்தாழ 180 பாகை வெப்பமுள்ள எண்ணெயில் மீன் விழுந்ததும் அதன் நீர் ஆவியாகி வெளியேறுகிறது. அந்நீர் நீங்கிய இடத்தில் எண்ணெய் புகுகிறது. மீனில் இயல்பாயுள்ள ஒமேகா-3 கொழுப்பு இதயத்திற்கு நன்மை தருவது. அதனை நாடி மீன் உண்போர், உடன் வேண்டாத எண்ணெயையும் உண்கின்றனர்.

எம் முதல் முயற்சி தோற்றது. மீனையும் காய்களையும் ஒரே தட்டில் ஒருசேர வைத்தோம். இருபது நிமிடத்தில் மீன் வெந்தது, கிழங்கு வேகவில்லை. மேலும் இருபது நிமிடம் விட்டோம். கிழங்கு வெந்தது, மீன் சக்கையாயிற்று. மீனின் தசை வேக உள்வெப்பம் 63 பாகை செல்சியஸ் போதும். கிழங்கும் கேரட்டும் நெகிழ அதனினும் மிகுந்த வெப்பமும் நீண்ட பொழுதும் வேண்டும். ஆதலின் காய்களே முந்த வேண்டும்.

நால்வர்க்கு முக்கால் கிலோ கொடுவா அல்லது பாறை மீன் கொள்க. கண் தெளிந்தும், செவுள் சிவந்தும், சதை அழுத்தினால் மீண்டும் எழும்புவதாயும் இருத்தல் வேண்டும். உருளைக்கிழங்கு, கேரட், மஞ்சள் பூசணி ஆகியவற்றைச் சிறு துண்டுகளாக்கி, இரு மேசைக்கரண்டி எண்ணெயில் புரட்டி, 200 பாகையில் 25 நிமிடம் வைக்கவும். வெங்காயம், தக்காளி, குடைமிளகாய் ஆகியன பின்னர்ச் சேரலாம்.

இதற்கிடையே மிளகு, சீரகம், பூண்டு, மஞ்சள் அரைத்த விழுதை மீனில் தடவுக. எலுமிச்சைச் சாற்றை இறுதியில் பிழிவதே நன்று. நெடுநேரம் ஊறினால் புளிப்பு சதையை இறுக்கிவிடும். வாழையிலையை அனலில் வாட்டினால் மடிக்கையில் கிழியாது. அதில் மீனைப் பொதிந்து காய்களின்மேல் வைத்து, மேற்கம்பியை இலை தொடாதவாறு பார்த்துக்கொள்க. பதினைந்து நிமிடத்தில் பொதியைப் பிரித்து, ஊறிய சாற்றைக் காய்களின்மேல் ஊற்றி, மீனை ஐந்து நிமிடம் திறந்தபடி விடவும். பொதிக்குள் தன் ஆவியிலேயே வெந்தது புழுக்கு. பின்னர் மேற்புறம் சிவந்தது சூடு. இரண்டும் ஒரு தட்டிலேயே கூடுகின்றன. தடித்த பகுதி கரண்டி பட்டதும் இதழிதழாகப் பிரிந்தால் மீன் வெந்தது எனக் கொள்க.

வெதுப்படுப்பு இல்லாதார் கனத்த தோசைக்கல்லில் இலைப்பொதியை வைத்து மூடி, சிறுதீயில் இருபுறமும் பத்துப் பத்து நிமிடம் வேகவிடலாம். காய்களைத் தனியே ஆவியில் வேகவைத்துக்கொள்க.

உப்பு குறித்து ஒன்று. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புக் கொள்ளுமாறு உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்துகிறது. ஊறுகாயும் அப்பளமும் அருகிருந்தால் எண்ணெயைக் குறைத்த பயனில் பாதி போய்விடும். எம் இல்லத்தில் இப்போரே இன்னும் ஓயவில்லை.

அத்தா முதற்கவளத்தை மெல்ல உண்டார். "கொஞ்சம் புளி சேர்த்திருக்கலாம்" என்றார். மறுவாரம் விழுதில் ஒரு சுளை புளியும் சேர்த்து அரைத்தோம்.