ஃபுல் டேங்க் போட்டா மட்டும் பெட்ரோல் வாடை வருதா?

நேயர் ஒருத்தர் அனுப்பின கேள்வி இது: "ஃபுல் டேங்க் போட்டா ரெண்டு நாளைக்கு காருக்குள்ள பெட்ரோல் வாடை வருது. கீழே ஒரு சொட்டுகூட இல்ல, என்ஜின் லைட்டும் எரியல. பின்சீட்ல குழந்தையை உட்கார வைக்கவே பயமா இருக்கு."

பயம் நியாயமானதுதான். காருக்கு அடியில ஈரமோ சொட்டோ தெரிஞ்சா ஸ்டார்ட்டே பண்ணாதீங்க, ஆளைக் கூப்பிடுங்க. ஈரம் இல்லன்னா பெரும்பாலும் இது ஆவிக் கசிவு.

டேங்க்ல பெட்ரோல் எப்பவும் ஆவியாகிட்டேதான் இருக்கும். அந்த ஆவி கரி நிரப்பின ஒரு டப்பாவுக்குப் போகும். அதுக்குப் பேரு கேனிஸ்டர். கரி ஆவியைப் பிடிச்சு வச்சுக்கும். என்ஜின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்து, அந்த ஆவியை என்ஜினுக்குள்ள இழுத்து எரிச்சுடும். இந்தப் பாதையில எங்க ஓட்டை விழுந்தாலும் வாடை வெளியே வரும்.

"லைட் எரியலையே"ன்னு நிம்மதியாக வேண்டாம். அமெரிக்க விதிப்படி அங்க விற்கிற கார்கள் சுமார் அரை மில்லிமீட்டர் ஓட்டையைக்கூட தானே கண்டுபிடிக்கணும். பி0456, பி0455 எல்லாம் அந்தக் கசிவுக் கோடுகள்தான். ஆனா எல்லா நாட்டு கார்லயும் அந்தச் சோதனை இருக்காது. எர்ரர் லாக் காலியா இருந்தா பக் இல்லன்னு அர்த்தமா என்ன?

சரி, எப்படித் தேடுறது? வாடை எப்போ, எங்க வருதுன்னு பாருங்க.

டேங்க் மூடி பக்கம் வந்தா, மூடியோட ரப்பர் வளையம் வெடிச்சிருக்கான்னு பாருங்க. செலவு குறைஞ்ச ரிப்பேர் இதுதான்.

பெட்ரோல் போட்டதும் வண்டி ஸ்டார்ட் ஆகத் திணறினா, பர்ஜ் வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கலாம். பொதுவா என்ஜின் நின்னிருக்கும்போது அது மூடியிருக்கணும். கைப் பம்பால காத்து அடிச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும். வாயால ஊதாதீங்க.

நம்ம நேயரோட கேஸ் மாதிரி, டேங்க் நிறைஞ்சா மட்டும் பின்சீட் பக்கம் வாடைன்னா சந்தேகம் டேங்க்கோட மேல்பகுதி மேல. பல கார்கள்ல பியூயல் பம்ப் மூடி பின்சீட்டுக்கு நேர் கீழ இருக்கும். அதோட சீல் தளர்ந்திருந்தா, பெட்ரோல் மட்டம் உயரும்போதுதான் கசியும். பாதி டேங்க்ல மெக்கானிக்கிட்ட காட்டினா ஒண்ணும் தெரியாது. டேங்க் நிறைஞ்ச அன்னைக்கே கொண்டுபோய், அந்த மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்க. அப்பவும் பிடிபடலைன்னா ஸ்மோக் டெஸ்ட் கேளுங்க. குழாய்க்குள்ள புகையை விட்டா, அது வெளிய வர்ற இடம்தான் ஓட்டை.

கடைசியா ஒண்ணு. பங்க்ல ஆட்டோ கட் ஆனதும், "ரவுண்டா போட்டுடவா சார்"னு கேட்பாங்க. வேண்டாம்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஊத்துற பெட்ரோல் திரவமாவே கேனிஸ்டருக்குள்ள போகலாம். ஊறிப்போன கரி ஆவியைப் பிடிக்காது, டப்பாவையே மாத்த வேண்டி வரும். சில்லறையை ரவுண்ட் பண்றதுக்கு அது ரொம்ப அதிக விலை.

அதுவரைக்கும் ஜன்னலைத் திறந்து ஓட்டுங்க. மூடின கராஜ்ல நிறுத்தாதீங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.