சென்னை ஆர்க்டிக் கடலுக்குப் போன கதை

பைத்தான் நிரல்மொழியில் (13.08, 80.27) என்று எழுதினால் அது ஒரு டியூப்பிள். முதலில் சென்னையின் அட்சரேகை, அடுத்து தீர்க்கரேகை. எந்த எண் எதைக் குறிக்கிறது என்று அதற்குள் எங்கும் எழுதியிருக்காது. வரிசையை வைத்தே பொருள் கொள்ள வேண்டும். இரண்டையும் இடம் மாற்றிவிட்டால் சென்னை, ஸ்வால்பார்டு தீவுகளுக்கு அருகே ஆர்க்டிக் கடலில் போய் விழும். நிரல் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். இந்தக் குழப்பம் நிஜத்தில் அடிக்கடி நடக்கிறது. வரைபடத் தரவுக்கான ஜியோஜேசான் தரம் தீர்க்கரேகையை முதலில் கேட்கிறது. கூகுள் மேப்ஸ் அட்சரேகையை முதலில் காட்டுகிறது.

இவ்வளவு பூடகமான ஒன்றுக்கு, எல்லாவற்றுக்கும் கிளாஸ் எழுதும் பொருள்நோக்கு நிரலாக்கத்தில் என்ன வேலை? வங்கிக் கணக்கு ஒன்றை ஆப்ஜெக்டாக வைத்தால் இருப்பு இன்று 500, நாளை 300 என மாறும், கணக்கு அதேதான். நாம் எழுதிய கிளாஸின் இரண்டு ஆப்ஜெக்டுகளுக்குள் ஒரே எண்கள் இருந்தாலும், சமம் என்றால் என்ன என்று நாம் சொல்லித்தராதவரை பைத்தானுக்கு அவை வேறு வேறு. டியூப்பிள் நேர் எதிர். மதிப்புகள் ஒன்றானால் டியூப்பிள்களும் சமம். உருவான பின் அதில் ஓர் இடத்தைக்கூட மாற்ற முடியாது.

அந்தப் பிடிவாதத்தில்தான் அதன் பலம் இருக்கிறது. சாவிக்கு ஒரு மதிப்பு என்று சேர்த்துவைக்கும் டிக்‌ஷனரி, ஒரு சாவியைத் தேடும்போது முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை. சாவியின் மதிப்பிலிருந்து ஹாஷ் என்ற எண்ணைக் கணக்கிட்டு, அது காட்டும் இடத்துக்கு நேரே போகிறது. வைத்த பிறகு சாவி மாறினால் ஹாஷும் மாறிவிடும். தேடுபவர் வேறெங்கோ போய் நிற்பார். அதனால் பைத்தான், மாற்றக்கூடிய லிஸ்டைச் சாவியாக ஏற்பதில்லை, டியூப்பிளை ஏற்கிறது. சதுரங்க நிரலில் (4, 5) என்ற கட்டத்தையே சாவியாக்கி, அங்கே குதிரை நிற்பதைக் குறித்துவைக்கலாம்.

ஆனால் டியூப்பிளுக்குள் ஒரு லிஸ்டை வைத்தால் அது சாவியாகும் தகுதியை இழக்கிறது. மாறாதது வெளிக்கூடு மட்டும். உள்ளே இருக்கும் லிஸ்ட் வளரும். டியூப்பிளின் இடத்தைச் சுட்டியே அந்த லிஸ்டோடு += போட்டு இன்னொன்றைச் சேர்த்துப் பாருங்கள். டைப்எரர் வரும், லிஸ்டும் நீண்டிருக்கும்! முதலில் லிஸ்ட் நீள்கிறது. பிறகு அதைத் திரும்ப டியூப்பிளின் இடத்தில் வைக்கப்போகும்போதுதான் தடை விழுகிறது.

17-ஐ 5-ஆல் வகுத்து ஈவையும் மீதியையும் (3, 2) என்று திருப்பித் தரும் டிவ்மாட் போன்ற இடங்களுக்கு டியூப்பிளைவிடப் பொருத்தமானது இல்லை. வாங்கிய கையோடு பிரித்துவிடுவோம். அதே இணை நிரலின் பத்து மூலைகளுக்குப் பயணம் போகுமானால் அதன் இடங்களுக்குப் பெயர் கொடுத்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2008-இல் பைத்தான் 2.6, இடங்களுக்குப் பெயருள்ள நேம்ட்டியூப்பிளைத் தந்தது. சி ஷார்ப் 2017-இல் டியூப்பிளின் இடங்களுக்குப் பெயர் வைக்க விட்டது. டியூப்பிளே இல்லாத ஜாவாவில் 2021-இல், பெயரிட்ட மதிப்புகளைக் கொண்ட ரெக்கார்டு நிலைபெற்றது.

நேம்ட்டியூப்பிளிலும் பழைய சுபாவம் போகவில்லை. ‘புள்ளி’ என்றொரு வகை, ‘அளவு’ என்றொரு வகை செய்து இரண்டிலும் 20, 30 என்று போட்டுச் சமமா என்று கேட்டால், ஆம் என்கிறது பைத்தான். 2018-இல் பைத்தானில் வந்த டேட்டாகிளாஸிடம் அதையே கேட்டால், அது முதலில் கிளாஸ் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு இல்லை என்கிறது.