குப்பை வண்டியின் கணக்கு

காலை ஆறரைக்கு எங்கள் அம்பத்தூர் தெருமுனையில் பேட்டரி வண்டி வந்து நிற்கும். அதை ஓட்டி வரும் அக்கா ஒருநாள் மேல்கோட்டின் கிழிந்த பட்டையை முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னார்: "நகராட்சியா இருந்தப்பவே வேலைக்கு வந்தவ தம்பி நான். மூணு கலர் கோட்டு மாத்தியாச்சு. தெரு மட்டும் இதேதான்."

அம்பத்தூர் நகராட்சி 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து 7-வது மண்டலமானது. மணலி, மாதவரம், திருவொற்றியூர் போலவே இங்கும் குப்பை அள்ளும் பொறுப்பு தனியாரிடம் போய்விட்டது. சென்னைக்கு இது புதிதல்ல. 2000-லேயே மூன்று மண்டலங்களின் குப்பையை ஒரு வெளிநாட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்துப் பார்த்த ஊர் இது. பக்கத்து ஆவடி 2019-ல் மாநகராட்சியானது. அதற்குச் சில ஆண்டுகளிலேயே, 2022-ல், சென்னை தவிர்த்த மாநகராட்சிகளுக்கான அரசாணை 152 வந்தது. தூய்மைப் பணி போன்ற கீழ்நிலை வேலைகளை வெளிமுகமையிடம் விட அது வழிசெய்தது. தொழிற்சங்கங்கள் இன்றும் அதை ரத்து செய்யச் சொல்கின்றன.

இப்படித் தனியாரிடம் விடுவதற்குச் சொல்லப்படும் முதல் காரணம், வரிப்பணம் மிச்சமாகும் என்பது. எதில் மிச்சமாகிறது என்று பார்க்க 2025 ஆகஸ்டுக்குப் போக வேண்டும். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்கள் தனியாருக்குப் போனபோது, தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி 13-ஆம் தேதி இரவு போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தும்வரை எழவில்லை. அப்போது மாநகராட்சியின் கீழ் அவர்களுக்கு நாள்கூலி 761 ரூபாய். தனியாரிடம் பேசப்பட்டது 565 ரூபாய். ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 196 ரூபாய் குறைவு. ஏறத்தாழ 2,000 பேர் என்றால் தினமும் கிட்டத்தட்ட 4 லட்சம். லாரியிலோ டீசலிலோ மிச்சம் பிடித்த பணம் இல்லை இது. ஒரு வீட்டின் வாடகையிலிருந்தும் பிள்ளையின் பள்ளிச் செலவிலிருந்தும் எடுத்தது. அந்த வீடுகளும் இதே ஊரில்தான் இருக்கின்றன. அதுவும் முழுசாக மாநகராட்சிக் கஜானாவுக்குப் போய்ச் சேருவதில்லை. நிறுவனத்தின் லாபமும் நிர்வாகச் செலவும் அதற்குள்ளிருந்துதான் வர வேண்டும்.

மாநகராட்சித் தரப்பிலும் நியாயம் உண்டு. புதிய வண்டிகளை வாங்கும் முதலீட்டை நிறுவனம் போடுகிறது. பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ் உண்டு என்று ஒப்பந்தம் சொல்கிறது. மாதம் 21,000 ரூபாய்வரை வாங்குவோருக்கே இ.எஸ்.ஐ. என்பதால், குறைந்த சம்பளத்தில் அந்த மருத்துவ வசதி கிடைப்பதும் நிஜம்தான். ஆனால் கையில் வாங்கும் காசு குறைந்ததை மருந்துச் சீட்டு ஈடுகட்டாது.

பலர் கவனிக்காத இன்னொன்று, எதற்குப் பணம் தருகிறோம் என்பது. டன் கணக்கில் கூலி பேசினால் எடை கூடுவதில்தான் நிறுவனத்துக்கு ஆதாயம். மண்ணும் கட்டட இடிபாடும் வண்டியில் ஏறினால் பில் தொகை ஏறும். வீட்டிலேயே மட்கும் குப்பையை உரமாக்கினால் அதே பில் இறங்கும். குப்பை குறைய வேண்டும் என்று ஊர் நினைக்கும்போது, கூட வேண்டும் என்று ஒப்பந்தம் நினைக்கும். அதனால்தான் தெரு சுத்தமாக இருக்கிறதா, வீடு வீடாக வண்டி வந்ததா என்று அளந்து பணம் தரும் முறைக்குச் சென்னை மாறியது. அது நல்ல மாற்றம். ஆனால் அளப்பதற்கு ஆள் வேண்டும். சுகாதார ஆய்வாளர் தெருவில் நடந்து பார்க்கவில்லையென்றால் அளவுகோல் காகிதத்தில்தான் இருக்கும். அந்தக் கண்காணிப்புச் செலவையும் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பேச வேண்டும்.

கோட்டின் நிறம் மாறினால் அந்த அக்காவுக்கு என்ன? ஒரே முதலாளியிடம் தொடர்ந்து 5 ஆண்டு உழைத்தவருக்குப் பணிக்கொடை என்பது சட்டம். நிறுவனம் மாறும்போது அந்த எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் ஆபத்து இருக்கிறது. ஒப்பந்ததாரர் சம்பளம் தராவிட்டால், வேலையைக் கொடுத்த அமைப்பே தர வேண்டும் என்று ஒப்பந்தத் தொழிலாளர் குறித்த சட்டமே சொல்கிறது. ஆவடியானாலும் அம்பத்தூரானாலும், காண்ட்ராக்ட் விட்டதால் மாநகராட்சி கைகழுவிவிட முடியாது.

இதில் நமக்கும் ஒரு பிடி இருக்கிறது. 2022 முதல் வார்டுகளில் ஏரியா சபை கூடுகிறது. நம் மண்டல ஒப்பந்தத்தில் ஒரு தொழிலாளிக்கு என்று மாநகராட்சி கொடுப்பது எவ்வளவு, அவர் கைக்குப் போவது எவ்வளவு, போன மாத பி.எஃப். கட்டியாயிற்றா என்று அங்கே கேட்கலாம். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடலாம். அக்காவிடம் பி.எஃப். பற்றிக் கேட்டேன். "பிடிக்கிறாங்க தம்பி. எங்க போய் நிக்குதுன்னு பாக்கத்தான் தெரியல" என்றார். அன்று மத்தியானம் அவர் போனில் பி.எஃப். கணக்குக்கான யூ.ஏ.என். எண்ணைப் போட்டு, கணக்கைத் திறக்க உட்கார்ந்தோம்.