எஞ்சினுக்குள் செல்லும் வளி குளிர்ந்திருக்க வேண்டுமா?

மாணவர்களே, 1990ஆம் ஆண்டின் பின் இங்கே கார்கள் எப்படி ஓடின என்று சண்டிலிப்பாயிலுள்ள உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவ்வாண்டு போர் மீண்டும் மூண்டதும் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் அருமருந்தாயிற்று. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றரின் வாயில் விட்டு எஞ்சினை இயக்குவார்கள். அது சூடேறிய பின்பே மண்ணெண்ணெயில் ஓடும். நோயாளியைப் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றும் அவசரத்திலும் இந்த ஒழுங்கைத் தவிர்க்க முடியாது என்பார் என் மாமா.

அன்று எஞ்சினுக்குச் சூடு தேவைப்பட்டது. இன்றோ இளைஞர் சிலர் தமது கார்களுக்குக் ‘குளிர்வளி உள்ளெடுப்பு’ எனும் குழாயைப் பணம் கொடுத்துப் பொருத்துகின்றனர். இவை இரண்டும் முரண் அல்ல. எப்படி என்று நோக்குவோம்.

எரிபொருள் எரிய ஒட்சிசன் வேண்டும். ஒரு கிலோகிராம் பெற்றோல் முற்றாக எரிய ஏறத்தாழ 15 கிலோகிராம் வளி தேவை. 1200 கன சென்ரிமீற்றர் கனவளவுள்ள நாலடிப்பு எஞ்சின் ஒன்று இரண்டு சுழற்சிக்கு ஒரு தடவை 1.2 லீற்றர் வளியை உள்ளெடுக்கும் எனக் கொள்வோம். நிமிடத்துக்கு 3000 சுழற்சி எனின் 1800 லீற்றர். தார் வரும் 200 லீற்றர்ப் பரல் ஒன்பது, ஒரே நிமிடத்தில்!

கனவளவு மாறாது. ஆனால் அதனுள் அடங்கும் வளியின் திணிவு வெப்பநிலையைப் பொறுத்தது. அமுக்கம் மாறாதபோது வளியின் அடர்த்தி கெல்வின் வெப்பநிலைக்கு நேர்மாறு விகிதசமமாகும். வெளியில் 30 பாகை செல்சியசு, பொனற்றினுள் 60 பாகை எனின், 303ஐ 333ஆல் வகுக்க 0.91 வரும். அதாவது சூடான வளியை உறிஞ்சும் எஞ்சினுக்கு 9 சதவீத வளி குறைவாகவே கிடைக்கிறது. எரிக்கக்கூடிய எரிபொருளும் அவ்வளவு குறையும், வலுவும் குறையும்.

இங்கே பலர் புள்ளி இழப்பதுண்டு. “குளிர்ந்த வளியில் ஒட்சிசன் வீதம் அதிகம்” என்று எழுதாதீர்கள். வீதம் இரண்டிலும் 21தான். ஒரே கனவளவில் உள்ள திணிவே கூடுகிறது.

இனிப் பொருத்தும் முறை. எஞ்சின் ஆறிய பின் பற்றரியின் மறை முனையைக் கழற்றி, பழைய வடிகட்டிப் பெட்டியை அகற்றுவர். வளியின் அளவை அறியும் சென்சரைப் புதிய குழாய்க்கு மாற்றி, புகைபோக்கிக் குழாயின் சூடு படாத இடத்தில், முன்பக்கமாகவோ மட்காட்டினுள்ளோ புதிய வடிகட்டியை அமைப்பர். கிளிப்புகள் இறுக்கமாக இருத்தல் அவசியம். சென்சருக்குப் பின்னால் வெடிப்பு வழியாக நுழையும் வளி கணக்கில் வராது, எஞ்சின் நடுங்கும். வடிகட்டி பொனற்றினுள் திறந்தபடி இருந்தால் சத்தம் கூடுமே தவிர, அது குடிப்பது சூடான வளியைத்தான். உண்மையில் இக்காலக் கார்கள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே முன்பக்கத்து வளி உள்ளெடுக்கப்படுகிறது. ஆதலால் கிடைக்கும் இலாபம் சொற்பம். என் கருத்தில் இது செலவுக்குத் தகுந்த வேலையன்று.

மண்ணெண்ணெய்க் கதை வேறு. பெற்றோல் இலகுவில் ஆவியாகும்; மண்ணெண்ணெயோ பெரும்பாலும் 150 பாகைக்கு மேலேயே கொதிக்கும். குளிர்ந்த எஞ்சினுள் அது ஆவியாகாமல் துளிகளாகவே நின்று, எரியாமல் உருளைச் சுவர் வழியே வழிந்து, கீழுள்ள எஞ்சின் எண்ணெயையும் நீர்க்கச் செய்யும். எனவே வளி குறைந்தாலும் சூடு வேண்டியிருந்தது. மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கென்றே செய்யப்பட்ட பேர்குசன் உழவு இயந்திரமும் பெற்றோலில் தொடங்கி, சூடேறிய பின்பே மாற்றப்பட்டது. பழைய கார்களின் அமுக்க விகிதம் குறைவாக இருந்ததும் எமது அதிட்டம். இன்றைய எஞ்சினில் இதைச் செய்தால் அது அடித்து உடையும்.

நான் கலைப் பட்டதாரி. இவற்றில் பாதியை ஒரு கராச் வாசலில் நின்றுதான் கற்றேன். என்னிடம் படித்த ஒருவன் லீசிங்கில் கார் எடுத்து, இக்குழாயின் வாயை மட்காட்டின் அடியில் தாழப் பொருத்தினான். மாரியில் வழுக்கையாறு பெருகி வீதி மூடியிருந்த நாளில் அதனூடே ஓட்டினான். வளிக்குப் பதில் நீர் உள்ளே போயிற்று. வளியை அமுக்கலாம், நீரை அமுக்க முடியாது. மேலெழுந்த முசலம் தடைப்பட, இணைப்புக்கோல் வளைந்தது. எஞ்சின் போன பின்பும் அவன் மாதத் தவணையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

பயிற்சி: 27 பாகை செல்சியசில் ஓர் எஞ்சின் ஒரு தடவையில் 1.4 கிராம் வளியை உள்ளெடுக்கிறது. அதே கனவளவில், அதே அமுக்கத்தில், 77 பாகை செல்சியசில் எவ்வளவு உள்ளெடுக்கும்? (விடை: 1.2 கிராம். பாகையைக் கெல்வினுக்கு மாற்ற மறவாதீர்கள்.)